மூக்குத் தண்டு வளைவு: மருந்து போதுமா, ஆபரேஷன் வேண்டுமா?

மூக்கடைப்பு என்று ஈ.என்.டி. டாக்டரிடம் போய்விட்டு வருபவர்களின் சீட்டில் அடிக்கடி பார்க்கக்கூடிய மூன்று எழுத்து, டி.என்.எஸ். மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு யோசனை கிளம்பும். "ஆபரேஷன் பண்ணினாலும் மறுபடி வளரும்" என்பார் பெரியப்பா. "நான் பண்ணிக்கிட்டேன், இப்ப நிம்மதியா தூங்கறேன்" என்பார் ஆபீஸ் நண்பர். அவரவர் மூக்கைப் பொறுத்தவரை இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். உங்கள் மூக்குக்கு எது பொருந்தும் என்று கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கிறது. அதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில், அடைப்பது எது?

இரண்டு மூக்குத் துவாரங்களுக்கும் நடுவே நிற்கும் சுவர்தான் தண்டு. முன்பக்கம் குருத்தெலும்பு, பின்பக்கம் எலும்பு, இரு பக்கமும் ரத்தக் குழாய்கள் நிறைந்த மெல்லிய சவ்வு. நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும் தண்டு அபூர்வம். சிலருக்குப் பிறவியிலேயே வளைந்திருக்கும், சிலருக்கு வளரும் வயதில் வளையும், சிலருக்குச் சின்ன வயதில் விழுந்து மூக்கில் அடிபட்டதால் வந்திருக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஏதோ ஒரு வளைவு உண்டு, அதனால் ஒரு தொந்தரவும் இருக்காது. எனவே ஸ்கேன் ரிப்போர்ட்டில் வளைவு என்று போட்டிருந்தால் அதை மட்டும் வைத்துப் பதற வேண்டாம்.

துவாரத்தின் வெளிப்பக்கச் சுவரில் டர்பினேட் என்ற சதை மடிப்புகள் இருக்கின்றன. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்துவது இவற்றின் வேலை. தூசி, அலர்ஜி, சளி எது வந்தாலும் இவை வீங்கும். தண்டு இடப்பக்கம் வளைந்திருந்தால், வலப்பக்கத்தில் கிடைத்த கூடுதல் இடத்தை அந்தப் பக்கத்து டர்பினேட் பெருத்து நிரப்பிக்கொள்வதும் உண்டு. சிலர் வளைந்த பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் அடைக்கிறது என்று சொல்வதற்கு இதுதான் காரணம். "மூக்கில் சதை வளர்ந்திருக்கு" என்று டாக்டர் சொன்னால், அது இந்த டர்பினேட்டா, அல்லது பாலிப் என்ற வேறு வகைச் சதையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஆக, அடைப்பில் இரண்டு பங்கு இருக்கிறது. ஒன்று வளைவு, மற்றது வீக்கம். மருந்து வீக்கத்தை மட்டும்தான் குறைக்கும். ஸ்பிரே, மாத்திரை, பிராணாயாமம், நேத்தி (தண்ணீரால் மூக்கைக் கழுவும் யோகப் பயிற்சி) என எதைச் செய்தாலும் வளைந்த எலும்பு நிமிராது. ஆபரேஷன் வளைவைச் சரி செய்யும், ஆனால் அலர்ஜியைத் தொடாது. உங்கள் அடைப்பில் எந்தப் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்த மாதிரி. கீழே வரும் படிகள் எல்லாம் அதைக் கண்டுபிடிக்கத்தான்.

படி 1: டாக்டரிடம் போகும் முன் ஒரு வாரம் கவனியுங்கள்

எந்தப் பக்கம் அடைக்கிறது என்று காலை, மாலை, படுக்கும்போது குறித்து வையுங்கள். சாதாரண மூக்கிலேயே சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் லேசாக வீங்கி மறுபக்கம் திறக்கும். ஒருக்களித்துப் படுத்தால் கீழே இருக்கும் பக்கம் அடைப்பதும் இயல்பு. அடைப்பு இப்படிப் பக்கம் மாறி மாறி வந்தால் வீக்கத்தின் பங்கு அதிகம் என்று கொள்ளலாம். வருஷம் முழுக்க, எந்த நேரமும், ஒரே பக்கம் என்றால் வளைவின் மேல் சந்தேகம் வரும்.

குளிர்ந்த ஸ்டீல் கரண்டியை மூக்குக்குக் கீழே பிடித்து மெதுவாக மூச்சு விடுங்கள். இரண்டு பக்கமும் ஆவி படிவதில் பெரிய வித்தியாசம் இருந்தால் கண்ணுக்கே தெரியும். பிறகு கன்னத்தில் விரலை வைத்து, மூக்கை ஒட்டிய தோலைக் காதுப் பக்கமாக லேசாக இழுத்து மூச்சை இழுத்துப் பாருங்கள். உடனே சட்டென்று திறந்தால், மூக்கின் முன்வாசலே குறுகலாக இருக்கலாம். இதை டாக்டரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் பின்னால் தண்டை மட்டும் நிமிர்த்தினால் அந்தக் குறுகல் அப்படியே இருக்கும்.

'நோஸ்' என்று ஒரு மதிப்பெண் முறை உண்டு. மூக்கு கனமாக இருப்பது, அடைப்பு, மூக்கால் மூச்சு விடச் சிரமம், தூக்கத்தில் தொந்தரவு, வேலை செய்யும்போதோ ஓடும்போதோ காற்று போதாமல் போவது என ஐந்து கேள்விகள். கடந்த ஒரு மாதத்தை நினைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை போட்டு, கூட்டி, 5-ஆல் பெருக்கினால் நூற்றுக்கு வரும். இப்போது போட்ட மதிப்பெண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள். மருந்து எடுத்த பிறகு மறுபடி போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

சில விஷயங்களுக்கு இந்த ஒரு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே போக வேண்டும். மூக்கில் அடிபட்ட பிறகு இரண்டு பக்கமும் அடைத்து வலித்தால், சவ்வுக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கலாம். இரண்டு மூன்று நாள் விட்டால் குருத்தெலும்பு கெட்டு மூக்கே உள்வாங்கிவிடும். குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் உள்ளே எதையோ போட்டிருக்கலாம். அது பட்டன் பேட்டரியாக இருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். நடுவயதைத் தாண்டியவருக்குப் புதிதாக ஒரு பக்க அடைப்பும் ரத்தம் கலந்த சளியும் வந்தாலும் தள்ளிப் போடக் கூடாது.

படி 2: டாக்டரிடம் கேட்க வேண்டியது

டார்ச் வெளிச்சத்தில் முன்பகுதி தெரியும். பின்பகுதியைப் பார்க்க எண்டோஸ்கோப் என்ற மெல்லிய குழாயை விடுவார்கள். மரத்துப்போகும் மருந்து போட்டுவிட்டுத்தான் செய்வார்கள். கூசும், கண்ணில் தண்ணீர் வரும், பெரிய வலி இருக்காது. வளைவு மட்டும்தான் என்றால் பெரும்பாலும் சி.டி. ஸ்கேன் தேவைப்படாது. சைனஸ் தொல்லையும் கூட இருந்தாலோ, பாலிப் இருந்தாலோ எடுக்கச் சொல்வார்கள்.

இந்த இடத்தில் நான் மிக முக்கியமாக நினைப்பது ஒரு சின்னச் சோதனை. வீக்கத்தை உடனே சுருக்கும் மருந்தை மூக்கில் அடித்து, பத்து நிமிடம் உட்கார வைத்து, மறுபடி பார்ப்பது. மருந்து அடித்ததும் மூச்சு தாராளமாக வந்தால் அடைப்பில் பெரும் பங்கு வீக்கம்தான், மருந்துக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அடித்த பிறகும் அந்தப் பக்கம் மூடியபடியே இருந்தால் வழியை மறிப்பது எலும்பும் குருத்தெலும்பும்தான். "மருந்து அடித்த பிறகு எவ்வளவு திறந்தது டாக்டர்?" என்று கேளுங்கள். பதிலை எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: மருந்தை ஒழுங்காக, நாலு முதல் ஆறு வாரம்

"ஸ்பிரே எல்லாம் அடிச்சுப் பாத்தாச்சு, ஒண்ணும் கேக்கல" என்று சொல்பவர்களில் பலர், மூன்று நாள் அடித்துவிட்டு நிறுத்தியவர்கள், அல்லது தப்பாக அடித்தவர்கள். எனவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவது. சுமார் 240 மில்லி தண்ணீருக்குக் கால் முதல் அரை டீஸ்பூன் அயோடின் சேர்க்காத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. இதற்கென்றே மருந்துக் கடையில் விற்கும் பொடிப் பாக்கெட் வாங்கினால் அளவுத் தொல்லை இல்லை. தண்ணீர் விஷயத்தில் மட்டும் சமரசம் கூடாது. நன்றாகக் கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்க வைத்து (ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் 3 நிமிடம்), ஆறவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். 2011-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இரண்டு பேர் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தார்கள். கேரளத்தில் சமீப ஆண்டுகளில் செய்தியாக வந்ததும் மூக்கு வழியே ஏறும் அதே வகை நோய்தான். ஜல நேத்தி பழகியவர்களுக்கும் இது பொருந்தும், பாத்திரம் செம்பாக இருந்தாலும் சரி.

கழுவி ஒரு பத்து நிமிடம் கழித்து ஸ்டீராய்டு ஸ்பிரே. ஃப்ளூட்டிகாசோன், மொமெட்டாசோன், புடசோனைடு ஆகியவைதான் வழக்கமாக எழுதுவது. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டே பயப்பட வேண்டாம், மூக்கில் அடிக்கும் அளவில் உடம்புக்குள் போவது மிகக் குறைவு. கண் அழுத்த நோய், கண்புரை இருப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

அடிக்கும் விதம் இப்படி. பாட்டிலைக் குலுக்கி, புதிதாக இருந்தால் புகைபோல் வரும் வரை காற்றில் அடித்துப் பாருங்கள். தலையை அண்ணாந்து பார்க்க வேண்டாம், லேசாகக் குனிந்துகொள்ளுங்கள். வலது கையில் பிடித்து இடது மூக்கிலும், இடது கையில் பிடித்து வலது மூக்கிலும் அடியுங்கள். அப்போது முனை தானாகவே காதுப் பக்கம் திரும்பும். நடுச் சுவரைப் பார்த்து அடித்தால் மருந்து தண்டிலேயே பட்டுப் புண்ணாகி ரத்தம் கசியும், சேர வேண்டிய டர்பினேட்டுக்கும் போகாது. அடிக்கும்போது மெல்ல மூச்சை இழுத்தால் போதும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குத்தான் போகும். கசப்பு தெரிந்தால் நீங்கள் உறிஞ்சிவிட்டீர்கள் என்று அர்த்தம். இன்று அடித்தால் இன்றே திறக்கும் மருந்து அல்ல இது. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதற்குள் கைவிட்டுவிடக் கூடாது.

காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கரிப்பு, கண்ணரிப்பு இருந்தால் அலர்ஜி மாத்திரையும் தருவார்கள். செட்ரிசின் சிலருக்குத் தூக்கம் தரும், அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டாம்.

இப்போது எச்சரிக்கை. ஓட்ரிவின், நாசிவியான் போன்ற சொட்டு மருந்துகள் வேறு ரகம். போட்ட ஐந்து நிமிடத்தில் மூக்கு திறக்கும். அதனாலேயே ஆபத்து. மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் போட்டால், மருந்தின் வேகம் இறங்கியதும் முன்பைவிட அதிகமாக வீங்கும். அதற்கு மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். சொட்டு மருந்துப் பாட்டில் தலையணைக்கு அடியில் இல்லாமல் தூங்க முடியாதவர்கள் எத்தனையோ பேர். இப்படிப் பழகியவர் ஆபரேஷன் பற்றி யோசிக்கும் முன் இதிலிருந்து வெளியே வர வேண்டும், இல்லாவிட்டால் எது வளைவு, எது சொட்டு மருந்து கொடுத்த வீக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

ஆவி பிடித்தால் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். கொதிக்கும் குண்டானைக் குழந்தைகள் பக்கத்தில் வைக்காதீர்கள். மூக்கில் எண்ணெய் விடுவதை மட்டும் விட்டுவிடுங்கள், நுரையீரலுக்குள் இறங்கினால் ஒருவகை நிமோனியா வரும். இரவில் மூக்கின் மேல் ஒட்டும் பட்டை, முன்வாசல் குறுகலாக உள்ளவர்களுக்குப் பலன் தரும். வாங்கிப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

படி 4: முடிவு

ஆறு வாரம் கழித்து அந்த ஐந்து கேள்விகளுக்கும் மறுபடி மதிப்பெண் போடுங்கள். நன்றாக இறங்கியிருந்தால், தண்டு எவ்வளவு வளைந்திருந்தாலும் சரி, கத்தி தேவையில்லை. ஸ்பிரேயை டாக்டர் சொல்கிறபடி தொடரலாம். கொஞ்சமும் அசையவில்லை, ஒரே பக்கம் மூடியே கிடக்கிறது, படி 2-இல் மருந்து அடித்தும் திறக்கவில்லை என்றால் இன்னும் ஆறு மாதம் அதே ஸ்பிரேயை அடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

இதற்கு ஆதாரமும் இருக்கிறது. நெதர்லாந்தில் 203 பேரை வைத்து நடத்தி 2019-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஆய்வும், பிரிட்டனில் 378 பேரை வைத்து நடத்தி 2023-ல் 'பி.எம்.ஜே.' மருத்துவ இதழில் வந்த ஆய்வும் ஆபரேஷனையும் மருந்து முதலான மற்ற வழிகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டன. இரண்டிலும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கே நிவாரணம் தெளிவாக அதிகம். பிரிட்டன் ஆய்வில் ஆறு மாதம் கழித்து, மூக்குத் தொந்தரவைக் கணக்கிடும் 110 மதிப்பெண் அளவில் ஆபரேஷன் குழு சராசரியாக 20-க்குப் பக்கத்தில் இருந்தது, ஸ்பிரே குழு 40-க்குப் பக்கத்தில். ஆனால் இதில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லாரும் வளைவினால் நிஜமாகவே சிரமப்பட்டவர்கள். ஸ்கேனில் தற்செயலாக வளைவு தெரிந்த ஆளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. "ஆபரேஷன் என்பது கடைசி வழி" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. பொருத்தமான ஆளுக்கு அது இரண்டாவது வழி, தள்ளிப் போட்டுப் பயனில்லை.

சில எதிர்பார்ப்புகளை வைத்து மட்டும் ஆபரேஷனுக்குப் போகாதீர்கள். தலைவலி போய்விடும் என்பது உறுதியில்லை. குறட்டை கொஞ்சம் குறையலாம். ஆனால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் தண்டை நிமிர்த்துவதால் மட்டும் குணமாகாது. தும்மலும் மூக்கு ஒழுகுவதும் அலர்ஜியின் வேலை. அது ஆபரேஷனுக்குப் பிறகும் வரும், ஸ்பிரேயும் தொடரும். மூக்கு வெளியேயும் கோணலாக இருந்தால் அதற்கான ஆபரேஷன் வேறு. வளரும் பிள்ளைகளுக்கு, மிகவும் அவசியமானால் தவிர, பதினாறு பதினேழு வயது வரை பொறுப்பதுதான் வழக்கம்.

"லேசரில் பத்து நிமிடத்தில் சரி" என்ற விளம்பரங்களைப் பார்த்தால், லேசர் எதைச் சுருக்கப் போகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் டர்பினேட்டைத்தான். உங்கள் பிரச்சினை எலும்பில் இருந்தால் அது அங்கேயே இருக்கும்.

படி 5: ஆபரேஷன் என்று முடிவானால்

இதன் பெயர் செப்டோபிளாஸ்டி. மூக்குக்குள்ளேயே வெட்டு, வெளியே தழும்பு இருக்காது. சவ்வை இருபுறமும் விலக்கி, வளைந்த பகுதியை மட்டும் எடுத்தோ செதுக்கியோ நேராக்கி, சவ்வை மறுபடி மூடுவார்கள். மூக்கின் மேல்விளிம்பிலும் முன்விளிம்பிலும் சுமார் ஒரு சென்டிமீட்டர் குருத்தெலும்பைத் தொடாமல் விடுவார்கள், பந்தலுக்குக் கால் மாதிரி அதுதான் மூக்கைத் தாங்குகிறது. பெரும்பாலும் முழு மயக்கத்தில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம். தேவைப்பட்டால் டர்பினேட்டையும் அதே நேரத்தில் சுருக்குவார்கள்.

முன்கூட்டியே கேட்டுவிட வேண்டியவை: தண்டு மட்டுமா, டர்பினேட், சைனஸும் சேர்த்தா? பிறகு பஞ்சு வைத்து அடைப்பீர்களா, எத்தனை நாள்? ரத்தம் நீர்க்கச் செய்யும் மாத்திரையை எப்போது நிறுத்துவது? (எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தக் கூடாது.) புகை பிடிப்பவர் சில வாரம் முன்பே நிறுத்தினால் புண் ஆறுவதில் வித்தியாசம் தெரியும்.

காப்பீடு வைத்திருப்பவர்கள் பாலிசியைப் புரட்டிப் பாருங்கள். பல பாலிசிகளில் இந்த ஆபரேஷனுக்கு இரண்டு ஆண்டு வரை காத்திருப்புக் காலம் போட்டிருப்பார்கள். அழகுக்காகச் செய்வது என்று எழுதினால் பணம் வராது. எனவே அடைப்பு, எடுத்த மருந்துகள், தேதிகள் எல்லாம் டாக்டரின் குறிப்பில் இருக்கட்டும். செலவு தாங்காது என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் ஈ.என்.டி. பிரிவில் இது வழக்கமாக நடக்கும் ஆபரேஷன்தான்.

முதல் இரவுதான் கஷ்டம், வலியைவிட அடைப்பால். பஞ்சு வைத்திருந்தால் இரண்டு பக்கமும் மூடியிருக்கும், வாயால்தான் மூச்சு. எச்சில் விழுங்கும்போது காது 'டொப்' என்று அடைக்கும். அரை மணிக்கு ஒருமுறை வாய் வறண்டு விழிப்பு வரும். பக்கத்தில் தண்ணீர் பாட்டில், உதட்டுக்கு வாஸ்லின், தலைக்கு இரண்டு தலையணை. மேலுதட்டின் மேல் கட்டியிருக்கும் துணியில் லேசாக ரத்தம் ஊறும், அதை மாற்றிக்கொண்டே இருக்கலாம். பஞ்சை ஒன்றிரண்டு நாளில் எடுப்பார்கள். எடுக்கும் அந்தச் சில நொடி சங்கடமாக இருக்கும், எடுத்ததும் பெருமூச்சு வரும். பஞ்சுக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்தால் அது ஒரு வாரம் வரை இருக்கும்.

அடுத்த இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். குனிந்து கோலம் போடுவது, சிலிண்டர் தூக்குவது, ஜிம் எல்லாம் நிற்கட்டும். முதல் சில நாள் ஆவி பறக்கும் சாப்பாடும் சுடுதண்ணீர்க் குளியலும் வேண்டாம். உப்புத் தண்ணீர் ஸ்பிரேயைச் சொன்னபடி அடித்தால் பொருக்கு கட்டாது. ஒரு வாரத்தில் பெரும்பாலானவர்கள் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். உள்வீக்கம் வடிந்து உண்மையான பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். இரண்டாவது வாரத்தில் "இன்னும் அடைக்குதே" என்று கவலைப்படுவது எல்லாருக்கும் நடப்பதுதான்.

ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த பிரிட்டன் ஆய்வில் ஆபரேஷன் செய்துகொண்ட 174 பேரில் 7 பேர் ரத்தக் கசிவால் மறுபடி மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது, 20 பேருக்குக் கிருமித் தொற்றுக்கு மருந்து தேவைப்பட்டது. மேல்வரிசை முன்பற்கள் கொஞ்ச நாள் மரத்துப்போவதுண்டு. அரிதாகத் தண்டில் ஓட்டை விழலாம், வாசனை குறையலாம், மூக்கின் வடிவம் மாறலாம். துணி மாற்ற மாற்ற நிற்காத ரத்தம், காய்ச்சல், மூக்கின் இருபுறமும் கூடிக்கொண்டே போகும் வலியும் வீக்கமும், கண்ணில் வீக்கம் அல்லது பார்வை மங்கல், ஒரு பக்கம் மட்டும் நிறமில்லாமல் தெளிந்த தண்ணீராக ஒழுகுவது ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் அன்றே போக வேண்டும்.

அப்புறம், அந்த "மறுபடி வளரும்" பேச்சு. எடுத்த எலும்பு முளைப்பதில்லை. விட்டுவைத்த குருத்தெலும்பு சிலருக்குக் கொஞ்சம் பழையபடி சாயும், சிலருக்குப் பெருத்த டர்பினேட்டோ அலர்ஜியோ மறுபடி அடைக்கும். ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் கழித்து அடைப்பு வந்தால், மறு ஆபரேஷன் பற்றிப் பேசும் முன் படி 2-இல் சொன்ன அந்தப் பத்து நிமிடச் சோதனையை இன்னொரு முறை செய்யச் சொல்லுங்கள்.